ஆறு அங்குலக் குழி

மனித குலத்துக்கு ஒரு முக்கியமான செய்தி. இன்று சனிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, குட்டி டிராக்டருக்குத் துணைக்கருவி தேர்ந்தெடுக்கும் குடும்ப உயர்மட்டக் குழு, பெரியவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கறை படிந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக் கூடியது. நான்கு பேர் அழைக்கப்பட்டார்கள். நான்கு பேரும் வந்தார்கள். ஒருவர் இன்னும் பல் துலக்கவில்லை.

கூட்டத்தைக் கூட்டியவர் பெரியவர். மூன்று உடன்பிறப்புகளில் மூத்தவர். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருஷம் செயலாளராக இருந்தவர். பதவி போய்விட்டது, குரல் போகவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினாலும் அதற்கு ஒரு தீர்மானம் உண்டு. முன்மொழிபவர் அவர், வழிமொழிபவர் அவர் மனைவி, மற்ற இருவருக்கும் அண்ணி. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இரண்டாவது, பாப்பா. வயது நாற்பத்தாறு. வீட்டில் ஒரே பெண் என்பதால் வைத்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுப் போட்டு, கடைசியில் மரக்கன்றுகளோடு குடித்தனம் நடத்துகிறவள். வீட்டுக்குப் பின்னால் விரிகிற தோட்டத்தில் பதினொரு வருஷமாக நர்சரி வைத்திருக்கிறாள்.

மூன்றாவது, சின்னவன். கம்பெனி வேன் ஓட்டுகிறான். ஊருக்கு அந்தப் பக்கம் வாடகை வீடு. அதிகம் பேசமாட்டான். பேசினால் "அக்கா சொல்றதுதான் சரி" என்பான். பாப்பாவுக்கு அவன் என்றால் உயிர். பல் துலக்காதவர் அவன்தான்.

போன வாரம்தான் டிராக்டர் வந்து இறங்கியது. மூன்று பேரும் சேர்ந்து வாங்கியது. துணைக்கருவி இல்லாத டிராக்டர் என்பது புகை விடுகிற நாற்காலி. பெரியவர் அதில் உட்கார்ந்து தோட்டத்தை மூன்று சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றில் நாவல் கன்று பத்தின் மேல் ஏற்றியதோடு போன வாரம் முடிந்தது.

டிராக்டரோடு இரண்டு துணைக்கருவிகள் கடைக்காரர் தருவார். எந்த இரண்டு என்று இன்றைக்குள் சொல்லிவிட வேண்டும்.

"முன்பக்க வாளி," என்று ஆரம்பித்தார் பெரியவர், கடையின் பட்டியல் புத்தகத்தை விரித்து. அந்தப் படத்தில் வாளியின் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் இடுப்பில் கைவைத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எதை அள்ளப் போறோம்ணா?" என்றாள் பாப்பா.

"அள்ள வேண்டியது வரும்போது அள்ளுவோம். தொலைநோக்கு வேணும்மா."

"முன்னாடி வாளி மாட்டினா பின்னாடி எடை கட்டணும். இல்லன்னா ஈர மண்ணுல பின்சக்கரம் சும்மா சுத்தும்."

"கட்டுவோம்."

"எதைக் கட்டுவீங்க? நீங்களே ஏறி உக்காந்துக்குவீங்களா?" என்றாள் அண்ணி. இது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

அண்ணியின் கோரிக்கை புல்வெட்டி. வாசலில் அவள் வளர்க்கிற புல்தரை பத்தடிக்கு எட்டடி. டிராக்டர் அதில் ஏறினால் பின்பாதி ரோட்டில் நிற்கும் என்று பாப்பா எடுத்துச் சொன்னாள். "அப்ப பாதியாவது வெட்டலாம்ல?" என்று கேட்டுவிட்டு அண்ணி காபி கலக்கப் போனாள்.

அடுத்து, எல்லாரும் வாங்குகிறார்களே என்று ரோட்டவேட்டர். மண்ணைக் கிளறிப் பொடியாக்குகிற கருவி. "நம்ம கன்னு எல்லாம் பையில நிக்குது. எதைக் கிளறுவீங்க, பையையா?" என்று பாப்பா அதையும் மூடினாள்.

அவளுக்கு வேண்டியது குழி தோண்டுகிற துளைப்பான். டிராக்டர் பின்னால் மாட்டினால், திருகு மாதிரி ஒரு பிளேடு மண்ணுக்குள் இறங்கி ஏறும். புதிதாகக் கட்டுகிற ஒரு கல்லூரி வளாகத்தில் அறுநூறு மரக்கன்று நட்டுக் கொடுக்க அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முப்பது நாள் கெடு. எட்டு நாள் போய்விட்டது. கடப்பாரையோடு அவளும் இரண்டு வேலைக்காரப் பெண்களும் சேர்ந்து தோண்டியது தொண்ணூறு குழி. வலது மணிக்கட்டில் பட்டை சுற்றியிருக்கிறது. இந்த வேலை கைநழுவினால் இனி யாரும் அவளை நம்பிப் பெரிய வேலை தரமாட்டார்கள்.

அதை அவள் சொல்லவில்லை. சின்னவன் சொன்னான்.

"அண்ணா, கருவி வாங்கறதுக்கு ரெண்டே கேள்விதான். தினமும் செய்யற வேலை எது? உடம்பை ஒடிக்கற வேலை எது? தினமும் கன்னு சுமக்கறோம், அதுக்கு டிரெய்லர். உடம்பை ஒடிக்கறது குழி. அக்கா கையைப் பாருங்க. அந்தக் கைக்கு முன்னாடி நாம வாளி வாளின்னு பேசிட்டிருக்கோம்."

அவன் வாழ்நாளில் பேசிய மிக நீண்ட பேச்சு அது. பாப்பா மணிக்கட்டை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள். கண் கலங்கியது தெரியக்கூடாது என்பதற்காகக் காபியை ஊதினாள். காபி ஏற்கனவே ஆறியிருந்தது.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "பெரும்பான்மைக் கருத்தை ஏத்துக்கறேன். டிரெய்லர், துளைப்பான். ஆனா எந்த முடிவையும் மாத்தற உரிமை தலைமைக்கு உண்டுங்கறதையும் இங்க பதிவு செய்யறேன்."

"பதிவு செஞ்சுட்டீங்கன்னா எந்திரிங்க, மேஜை துடைக்கணும்," என்றாள் அண்ணி.

பாப்பா அங்கேயே நின்று கடைக்குப் போன் செய்தாள். "துளைப்பானுக்கு பிளேடு பன்னெண்டு அங்குலம். கன்னு வைக்கறதுக்கு. மறந்துடாதீங்க, பன்னெண்டு." சின்னவன் பல் துலக்கத் தோட்டத்துக் குழாயடிக்குப் போனான்.

---

மதியம் கடையின் பின்கட்டில் டிரெய்லர் நின்றது. கண்ணுக்கு லட்சணமாக, பச்சை வண்ணத்தில். பக்கத்தில் துளைப்பான். மெக்கானிக் அதற்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

பாப்பா குனிந்து பிளேடைப் பார்த்தாள். விரல்களை விரித்து அதன் குறுக்கே வைத்தாள். சாண் முழுசாக விரிவதற்குள் பிளேடு முடிந்துவிட்டது.

"இது ஆறு அங்குலம்."

"ஆமாம்மா, ஆறுதான்."

"நான் பன்னெண்டு கேட்டேன்."

"காலையில பன்னெண்டுன்னுதான் நீங்க சொன்னீங்க. அரை மணி கழிச்சு உங்க பிரதர் போன் பண்ணி ஆறு போடச் சொல்லிட்டாரு. நானும் யோசிச்சேன், அதான் சரி. பன்னெண்டுல நட்டா கல்லுக்கால் ஆடும். ஆறுல நட்டா ஆடாது." அவர் துணியில் கை துடைத்தார். "நாப்பத்தொரு காலாமே? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

நர்சரிக்காரிக்கு ஆறு அங்குலத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழியில் எந்தக் கன்றும் உட்காராது. வேலிக்கால்தான் உட்காரும்.

மிச்சக் கணக்கை அவள் நின்றபடியே போட்டாள். எட்டடிக்கு ஒரு கால். நாற்பத்தொரு கால் என்றால் நடுவில் நாற்பது இடைவெளி. முன்னூற்றிருபது அடி. தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முன்னூற்றிருபது அடி. அவள் தினமும் ஹோஸ் பைப்பை இழுத்து நடக்கிற தூரம்.

அப்பா காலத்திலேயே அந்தத் தோட்டத்தை மூன்று பங்காகப் பத்திரம் எழுதியாகிவிட்டது. ஆனால் மண்ணில் யாரும் கோடு போடவில்லை. போடமாட்டோம், பாப்பா நர்சரி நடக்கிறவரை தோட்டம் ஒன்றுதான் என்று மூன்று பேரும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்கள். கிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு கிணறு. அதுதான் அத்தனை கன்றுக்கும் தண்ணீர். வேலி விழுந்தால் கிணறு ஒரு பக்கம், கன்றுகள் ஒரு பக்கம்.

எந்த பிரதர் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. முடிவை மாற்றுகிற உரிமையைக் காலையில்தானே ஒருவர் பதிவு செய்தார்?

"இதை வெச்சுட்டுப் போங்கம்மா, பன்னெண்டு வரவழைச்சுத் தரேன்," என்றார் மெக்கானிக்.

"வேண்டாம். இதையே ஏத்துங்க. எல்லாரும் பாக்கணும்."

இந்த இடத்தில்தான் பாப்பா தப்பு செய்தாள். ஆதாரம் வேண்டும் என்று அந்தத் துளைப்பானைத் தானே லோடு வண்டியில் ஏற்றி, தானே முன்சீட்டில் உட்கார்ந்து, தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

---

பெரியவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பாப்பா வந்து நின்ற வேகத்தில் மின்விசிறிக் காற்றே திசை மாறியது.

"நாப்பத்தொரு கால் எங்க நடப்போறீங்க?"

"என்னது?"

"அப்பா கட்டில் பக்கத்துல நின்னு சொன்னதெல்லாம் என்னாச்சு? எல்லாரையும் உக்கார வெச்சு ஓட்டெடுப்பு நடத்திட்டு, பின்னாடி போன் பண்ணி துளைப்பான் அளவைப் பன்னெண்டுலேருந்து ஆறா மாத்தறீங்க. அதுக்கு எதுக்குக் கூட்டம்? எதுக்கு அந்தக் குறிப்பேடு?"

"பாப்பா, நிதானமா, வரிசையா சொல்லு..."

"நடிக்காத!"

நாற்பத்தாறு வருஷத்தில் அவள் அண்ணனை நீ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உனக்கு இந்தத் தோட்டம்னா ஒரு மேடை. நான் குனிஞ்சு குனிஞ்சு முதுகு உடைஞ்சு போனேன். நீ ஒருநாள் ஒரு பையைத் தூக்கி வெச்சிருக்கியா? பத்து நாவலைக் கொன்னதுதான் நீ செஞ்ச விவசாயம். பத்திரத்தை அப்பா உன் கையில குடுத்தப்பவே எனக்குத் தெரியும், ஒருநாள் கோடு கிழிப்பேன்னு. உன் வாயில வர்ற ஒவ்வொரு வார்த்தையும் காத்து. வெறும் காத்து."

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாத அந்த முகம் திடீரென்று யாரோ ஒரு வயதானவருடையது மாதிரி இருந்தது.

"அந்தத் துளைப்பானுக்கு அளவெல்லாம் உண்டா?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல சாட்சியை எந்த வக்கீலும் கொண்டுவந்திருக்க முடியாது. பதினொரு வருஷம் தோட்டத்தைப் பற்றிக் கூட்டம் நடத்திய மனிதர் ஒரு குழியைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஆறு அங்குலத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து சதி செய்கிற அளவுக்கு அவருக்கு விஷயம் தெரியாது.

அண்ணி கதவோரம் நின்றாள். "அவர் போன் நேத்து ராத்திரியே செத்துப்போச்சு. சார்ஜர் உடைஞ்சிருக்கு. அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டாரு."

பின்பக்கம் டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

---

சின்னவன் டிராக்டரை லோடு வண்டியின் வாலுக்குப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தான். டிரைவரும் அவனுமாகத் துளைப்பானை இறக்கி, டிராக்டரின் பின்கைகளில் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்தப் பின்னை எடு," என்றான் தலையைத் தூக்காமல்.

காலடியில் கிடந்த இரும்புப் பின்னை அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவன் கேட்டு அவள் கொடுக்காதது எதுவும் கிடையாது. கைக்கு இன்னும் சேதி போகவில்லை.

"நீயா?"

"ஆமாக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"அண்ணன்கிட்ட சொன்னா கூட்டம் போடுவாரு. உன்கிட்ட சொன்னா நீ அழுவே. அதான் கடையில சொன்னேன்." அவன் பின்னைத் தட்டி உள்ளே இறக்கினான். கோபமில்லை, கூச்சமில்லை. வேனுக்கு டயர் மாற்றுகிறவன் முகம்.

"காலையில என் கையைக் காட்டிப் பேசினியேடா."

"அது நிஜம்தானே? உன் கை அப்படித்தானே இருக்கு? மிஷின் ஒண்ணுதான்க்கா, பிளேடுதான் வேற. என் வேலை முடியட்டும், உனக்குப் பன்னெண்டு வாங்கி மாட்டிக்கலாம்."

"கிணறு?"

"என் பங்குல வருது. கிணத்துப் பக்கம் கடைக்குட்டிக்குன்னு அப்பாவே சொல்லியிருக்காரு. நான் தண்ணி லாரி எடுக்கறேன்க்கா. எத்தனை வருஷம் அடுத்தவன் வேனை ஓட்டறது?"

"அறுநூறு கன்னு நிக்குதுடா. அதுக்கு யார் தண்ணி ஊத்துவா?"

சின்னவன் இப்போதுதான் நிமிர்ந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்து நிஜமாகவே கலங்கினான். "உன்னைத் தவிக்க விடுவனாக்கா? முதல் லோடு உனக்குத்தான். கூடப்பிறந்தவகிட்ட காசு வாங்குவேனா? டீசலுக்கு மட்டும் குடு, போதும்."

அவன் இதைத் தாராளமாகத்தான் சொன்னான். அதுதான் பாப்பாவுக்குத் தாங்கவில்லை. சண்டைக்கு நிற்கிறவனைத் திட்டலாம். உன் கிணற்றுத் தண்ணீரை உனக்கே சலுகையில் தருகிறேன் என்று அன்போடு நிற்கிறவனை என்ன செய்வது?

பெரியவர் கண்ணாடி இல்லாமல், படிக்கட்டைக் காலால் தடவித் தடவி இறங்கி வந்தார். பாப்பா அவர் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"அண்ணா, பத்திரத்துல கிணறு அவன் பங்குலயா எழுதியிருக்கு?"

"அப்பா கவர்ல போட்டு ஒட்டித் தந்தாரு." அவர் தரையைப் பார்த்தார். "நான் பிரிக்கவே இல்ல."

"பதினோரு வருஷமாவா?"

"படிச்சா, அதைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்னு பயம்."

உலகத்தில் எதைப் பற்றியும் பேசுகிற மனிதர் பயந்த ஒரே விஷயம் அது.

"இப்ப எடுத்துட்டு வாங்க."

"பேங்க் லாக்கர்ல இருக்கு. திங்கட்கிழமைதான் திறப்பாங்க."

பாப்பா சின்னவனைப் பார்த்தாள். அவன் டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தான். கல்லுக்கால் நாளைக் காலையில் வந்து இறங்கிவிடும் என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது. ஏன் இன்றைக்கு என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுக்கும் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவன் பார்க்கவும் விரும்பவில்லை. பார்ப்பதற்குள் வேலி நின்றுவிட்டால் போதும்.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுடா," என்றாள். "அதுல உன் பேர் இருந்தா நானே வந்து கால் நட்டுத் தரேன்."

"பொறுத்தா அண்ணன் அதுக்கும் ஒரு கமிட்டி வைப்பாருக்கா." சாவியைத் திருப்பினான்.

பெரியவர் டிராக்டருக்கு முன்னால் போய் நின்றார். கையை உயர்த்தினார். "ஒருதலைப்பட்சமான இந்த நடவடிக்கையை இந்தக் குடும்பத்தின் சார்பில் நான் வன்மையாக..." அதற்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தத்தில் அவர் வாய் மட்டும் அசைந்தது. சின்னவன் மரியாதையாக ஒரு நிமிடம் காத்திருந்தான். பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்து அண்ணனைச் சுற்றிக்கொண்டு போனான்.

பாப்பா அவர் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணா, நான் அப்ப சொன்னதெல்லாம்..."

"அதெல்லாம் குறிப்புல ஏறாது, விடும்மா," என்றார். குரல் சங்கக் குரலாக இல்லை. அவளைப் பார்க்காமல் சொன்னார். பிறகு, "காத்துன்னு சொன்னியே, அது மட்டும் சரிதான்," என்றார்.

அண்ணி வந்து கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். அவர் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் குழி தெற்குக் கோடியில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. சின்னவன் நூல் பிடித்து, சுண்ணாம்பில் புள்ளி வைத்திருந்தான். எப்போது வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதாவது புள்ளி வேங்கைக் கன்றுகளின் வரிசைக்கு நடுவில் இருந்தது. டயர் ஏறினால் ஒரு பை மிஞ்சாது.

பாப்பா ஓடினாள். பட்டை சுற்றிய கையாலேயே பைகளைத் தூக்கி, இரண்டு இரண்டாக மேற்குப் பக்கம் நகர்த்தினாள். வேலைக்காரப் பெண்கள் இருவரும் என்ன ஏது என்று கேட்காமல் கூட வந்து தூக்கினார்கள். சின்னவன் எஞ்சினைக் குறைத்து, கடைசிப் பை நகரும்வரை நின்றான். "தேங்க்ஸ்க்கா," என்றான். கடைசிப் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், அவன் கோட்டுக்கு அவளே வழி விட்டுக் கொடுத்திருக்கிறாள் என்பது பாப்பாவுக்கு உறைத்தது.

ஆறு மணிக்குள் நாற்பத்தொரு குழியும் முடிந்தன. துளைப்பான் எங்கும் சிக்கவில்லை, எண்ணெய் கசியவில்லை, நன்றாக வேலை செய்தது.